எந்தத் தேதியிலிருந்து கணக்கு?

2020 டிசம்பர் 31. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டம் இந்தத் தேதியில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. அதற்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த ரப்பரும் செம்பனையும் ஐரோப்பியச் சந்தைக்குள் போக முடியாது. காப்பி, கொக்கோ, சோயா, மாட்டிறைச்சி, மரம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சரக்கு எந்த நிலத்தில் விளைந்தது என்பதை வரைபடப் புள்ளியோடு காட்ட வேண்டும். சட்டம் அமலுக்கு வரும் நாள் ஒருமுறைக்கு இருமுறை தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் நம் மலேசியப் பெருந்தோட்டக் கம்பெனிகள் எப்போதோ தயாராகிவிட்டன.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களை இந்தச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. 2020-க்குப் பிறகு வெட்டுவதற்கு அங்கே காடு ஏது? எல்பில், கமுனிங், டோவன்பி என்ற பெயர்களில் வெள்ளைக்காரர்கள் நடத்திய அந்த மண்ணில் காடு விழுந்து பல தலைமுறை ஆகிவிட்டது. லாபம் லண்டனுக்குப் போனது. மரத்தை வெட்டியதும், எரித்ததும், கன்று நட்டதும், பால் வெட்டியதும் கப்பலில் கொண்டுவரப்பட்ட நம் பாட்டன் பாட்டிமார். சட்டத்தின் பார்வையில் அந்தத் தோட்டங்கள் சுத்தம்.

நான் அந்தச் சட்டத்துக்கு எதிரி அல்லன். மிச்சமிருக்கும் காட்டைக் காப்பாற்ற வாங்குகிறவன் கையிலும் ஒரு கடிவாளம் வேண்டும். என் வழக்கு அந்தத் தேதியோடுதான். ஆர்.எஸ்.பி.ஓ எனப்படும் செம்பனைச் சான்றிதழ் அமைப்பும் ஒரு தேதி வைத்திருக்கிறது: 2005 நவம்பர். அதற்குப் பிறகு முறையான ஆய்வில்லாமல் காட்டை அழித்த கம்பெனி ஈடு செய்ய வேண்டும். அதற்கு முன் அழித்தது போனது போகட்டும். ஐரோப்பா தன் காடுகளை எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அழித்துவிட்டது. பிறகு நம் காடுகளை நம் ஆட்களை வைத்தே அழித்தது. எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து தேதி குறிக்கிறது. கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பதை முடிவு செய்கிறவர்களே, யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

சுங்கை சிப்புட் மக்களிடம் கேட்டால் கணக்கு 1877-இல் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹென்றி விக்கம் அமேசான் கரையிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்கு அள்ளிக்கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகள் அடுத்த ஆண்டு இந்தப் பக்கம் வந்தன. சில கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை நட்டுவைத்தார். அந்த முதல் தலைமுறை மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் போனால் அரைமணி நேரம்கூட ஆகாது.

மரம் வந்தது, ஆள் வர வேண்டும் அல்லவா? முதலில் ஒப்பந்தக் கூலியாக, பிறகு கங்காணி பிடித்துவந்த கூலியாகத் தமிழர்கள் வந்தார்கள். காட்டை வெட்டினார்கள். வெட்டியதன் விலையை உடனேயே உடம்பால் கட்டினார்கள். டாக்டர் மால்கம் வாட்சன் கிள்ளான் பக்கத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். சமவெளியில் காட்டை அழித்து நீரை வடித்தால் மலேரியா குறைகிறது. மலைச்சரிவில் அழித்தாலோ கூடுகிறது. மரநிழல் போனதும் மலையோடைகளில் வெயில் படுகிறது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரைத் தேடி முட்டையிடும் ஒரு கொசு வகைதான் மலைத்தோட்டங்களில் காய்ச்சலைப் பரப்பியது. ஓராண்டில் பத்தில் ஒருவரைப் பறிகொடுத்த தோட்டங்கள் அன்று உண்டு. சூழல் சீர்கேடு ஏழையின் உடம்பில்தான் முதலில் இறங்கும் என்று இன்று பருவநிலை மாநாடுகளில் பேசுகிறார்கள். மலாயாத் தோட்டங்களின் மரணப் பதிவேடுகள் நூறு வருஷத்துக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டன.

விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு. இருட்டிலேயே நிரை பிடித்து, முதல் நாள் காய்ந்து ஒட்டிய கோட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, பட்டையை மெல்லிய இழையாகச் சீவி, மங்குக் கோப்பையைக் கவிழ்த்துத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓட வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும். பிறகு வந்த வழியே திரும்பிப் போய்ப் பாலைச் சேகரித்து, காண்டாத் தடியில் இரண்டு வாளியையும் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குப் போய் நிறுவைக்கு நிற்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை; வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. லண்டனில் ரப்பர் விலை சரிந்தால் இங்கே லயத்துச் சமையலறையில் அரிசி குறையும். மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை 1990-களின் கடைசியிலும் போராட்டமாகவே இருந்தது என்றால், இந்த ஏற்பாடு எத்தனை காலம் நீடித்தது என்று பாருங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டன் கடனில் மூழ்கிக் கிடந்தது. அதன் ஆட்சிப் பரப்பிலேயே அதிக அமெரிக்க டாலர் ஈட்டித் தந்தது மலாயாவின் ரப்பரும் ஈயமும். அந்த நேரத்தில்தான் தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் எழுந்தன, வேலைநிறுத்தங்கள் நடந்தன. 1948 ஜூன் 16 காலை எல்பில் தோட்டத்து மேலாளர் ஆர்தர் வாக்கர் தன் அலுவலகத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே காலையில் சற்றுத் தள்ளியிருந்த இன்னொரு தோட்டத்தில் மேலாளர் ஜான் அலிசனும் அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் நாடு முழுவதும் அவசரகாலம். அது பன்னிரண்டு வருஷம் நீடித்தது. அதைப் போர் என்று அழைக்காததற்குக் காரணம் உண்டு என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள்: போர் என்றால் லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தோட்ட முதலாளிகளுக்கு நஷ்ட ஈடு தரமாட்டா.

அந்த மூவர் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சுங்கை சிப்புட் என்றதும் உலக வரலாற்றுப் புத்தகங்கள் அந்த மூன்று பெயரோடு நின்றுவிடுகின்றன. பான் மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தோழர் வீரசேனன் அதற்கு முதல் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கங்கள் நொறுங்கின. லட்சக்கணக்கானோர் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டார்கள். காட்டிலிருந்து இறக்கி முகாம்களில் அடைக்கப்பட்ட ஒராங் அஸ்லி பழங்குடி மக்கள் அங்கேயே நோயில் மடிந்தார்கள்.

இன்னொன்றும் நடந்தது. கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் ஒளிந்துகொள்ளாதபடி சாலையோரப் புதர்களையும், அவர்களுக்கு உணவாகக்கூடிய பயிர்களையும் அழிக்க பிரிட்டிஷ் ராணுவம் 1950-களின் தொடக்கத்தில் களைக்கொல்லி தெளித்தது. அதில் 2,4,5-டி என்ற ரசாயனமும் இருந்தது. பத்தாண்டு கழித்து வியட்நாமில் இதையே செய்யலாமா என்று அமெரிக்கா யோசித்தபோது, வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க் அதிபர் கென்னடிக்கு எழுதிய குறிப்பில் மலாயாவை முன்னுதாரணமாகக் காட்டினார். ஏஜென்ட் ஆரஞ்சு என்று உலகம் இன்று சாபமிடும் விஷத்தில் பாதி அந்த 2,4,5-டிதான். வியட்நாமியருக்கு இழப்பீடு வேண்டும் என்று வழக்குகளாவது நடந்தன. மலாயாவில் தெளித்தது பற்றி யார் பேசினார்கள்?

களைக்கொல்லி நம் தோட்டங்களை விட்டுப் போகவும் இல்லை. ராணுவத்தின் கையிலிருந்து அது தமிழ்ப் பெண்களின் முதுகுக்கு மாறியது. பால்மரத்தை எடுத்துவிட்டுச் செம்பனை நட்டபோது மருந்தடிக்கும் வேலை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பல காலம் அந்த மருந்து பாராகுவாட். தோட்டத்தில் சொல்வது கிரமொக்சோன். டின்னிலிருந்து ஊற்றிக் கலக்கி, பதினைந்து இருபது கிலோ எடையுள்ள பம்பை முதுகில் மாட்டி, வரிசை வரிசையாக நடந்து அடிப்பார்கள். பம்பு ஒழுகி முதுகு நனையும். கொதிக்கும் வெயிலில் முகமூடியைப் போட்டால் மூச்சு முட்டும் என்று கழற்றிவிடுவார்கள். மூக்கில் ரத்தம், கண் எரிச்சல், நிறம் மாறிக் கழன்று விழும் நகம். ஐரீன் பெர்னாண்டஸின் தெனாகனித்தா அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன.

அந்த மருந்தின் பெரிய உற்பத்தியாளர் சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட சின்ஜெண்டா. சுவிட்சர்லாந்து தன் வயல்களில் பாராகுவாட்டை 1989-லேயே தடை செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் நீதிமன்றம் தடுத்தது. இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டு ஆலையிலோ வெளிநாட்டு ஏற்றுமதிக்காக உற்பத்தி தொடர்ந்து நடந்தது. மலேசியா 2002-இல் தடை என்று அறிவித்தது, பின்னர் பின்வாங்கியது, கடைசியில் 2020 ஜனவரி 1-இல்தான் முழுத் தடை வந்தது. சுவிஸ் விவசாயியின் நுரையீரலுக்கும் பேராக்கில் மருந்தடித்த பெண்ணின் நுரையீரலுக்கும் இடையே முப்பது வருஷம். அந்த முப்பது வருஷத்துக்கு எந்தச் சான்றிதழிலும் ஒரு வரிகூடக் கிடையாது.

ஈப்போக்காரர்களுக்கு இந்தக் கதை வேறொரு பெயரிலும் தெரியும்: புக்கிட் மேரா. ஜப்பானில் கதிரியக்கக் கழிவு விதிகள் இறுகியபின், மிட்சுபிஷி பங்குவகித்த ஏசியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் ஈப்போவுக்குப் பக்கத்தில் இயங்கத் தொடங்கியது. ஈயமணல் கழிவிலிருந்து இட்ரியம் என்ற அரிய உலோகத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய தோரியக் கழிவு ஊருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. 1985-இல் எட்டுக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1987-இல் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டு லாலாங் நடவடிக்கை என்ற கைது அலையில் அவர்களுடைய வழக்கறிஞர் மீனாட்சி ராமன் உட்படப் பலர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போனார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994-இல் ஆலை மூடப்பட்டது. கழிவை அப்புறப்படுத்த ஆன செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர். மக்களுக்கு? நோய்களுக்குப் பொறுப்பேற்காமலேயே ஊர்ப் பள்ளிகளுக்கு 1,64,000 டாலர் நன்கொடை. இன்று மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் அரிய உலோகம் வேண்டுமென்று அதே பேராக் மாநிலத்தின் உலு பேராக்கில் 2022 முதல் மறுபடியும் எடுக்கிறார்கள்.

தோட்டத்துக்குத் திரும்புவோம். நிலம்தான் அடிப்படை. அதை ஆரம்பத்திலேயே புரிந்துகொண்டவர் சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, துண்டாடலில் நடுத்தெருவுக்கு வந்த தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி வசூலித்துத் தோட்டத்தையே வாங்கலாம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. பால் வெட்டிய கை நிலத்தை வாங்கிய பெருமை அது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது: காட்டை அழித்து அந்த நிலத்தை நிலமாக்கியவன், அதே நிலத்தைத் தன் கூலியிலிருந்து காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டியிருந்தது?

1981 செப்டம்பர் 7 காலை, லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்துக்குள் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்டக் கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. நாடே கொண்டாடியது. துரை மாறினார், கொடி மாறியது. லயத்து வீடு மட்டும் மாறவில்லை: வேலை இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, லட்சக்கணக்கானோர் பட்டணத்துப் புறம்போக்குகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மாரியம்மன் கோயில் இருந்த இடம் தனியார் நிலம் என்றார்கள். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் கம்பெனி நிலத்தில் இருந்த காரணத்தாலேயே பகுதி உதவி பெறும் பள்ளிகளாகத் தவித்தன. மூன்று தலைமுறை வாழ்ந்த மண்ணில் ஒரு சதுர அடிக்கும் பட்டா இல்லை.

இங்கேதான் ஐரோப்பியச் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. தொழிலாளர் உரிமையும் நில உரிமையும் அதில் இல்லை என்று சொல்லிவிட முடியாது, இருக்கின்றன. ஆனால் விளைபொருள் உற்பத்தியான நாட்டின் சட்டப்படி அவை மதிக்கப்பட்டனவா என்றுதான் அது கேட்கிறது. ஐம்பது வருஷம் உழைத்தவருக்கு வீட்டுமனை தர வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டமே இல்லையென்றால், மீறலும் இல்லை. சரக்கு கப்பலேறிவிடும்.

மலைப்பக்கம் போனால் ஒராங் அஸ்லியரில் ஒரு பிரிவினரான தெமியார் மக்கள். பெலுஸ் ஆற்றின் மேலே, கோல மூ போன்ற கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்கள் காட்டை அழித்தவர்கள் அல்லர்; காடு மிஞ்சியிருப்பதற்கே அவர்கள்தான் காரணம். ஆனால் வரைபடத்தில் அது மாநில அரசின் நிலம், மரம் வெட்ட உரிமம் தரக்கூடிய நிலம். காட்டுமரத்தை எடுத்துவிட்டு வரிசையாக ரப்பர் நட்டாலும், 'வன நடவு' என்ற பெயரில் அது நிரந்தர வனக்காப்பு நிலக் கணக்கிலேயே நீடிக்கலாம். தெமியார் கிழங்கு தோண்டிய காடு, பன்றி வேட்டையாடிய காடு, பிரம்பு எடுத்த காடு காகிதத்தில் அப்படியே இருக்கும். தோட்டத் தமிழரும் தெமியாரும் தனித்தனிப் பிரச்சினை என்று பேசுகிறவர்களை நான் ஏற்கமாட்டேன். ஒருவரிடமிருந்து எடுத்த காட்டில் இன்னொருவரைக் கூலியாக இறக்கினார்கள். இருவர் கையிலும் பத்திரம் இல்லை.

இந்த இரண்டையும் சேர்த்துப் பேசிய அரசியல்வாதியைச் சுங்கை சிப்புட் இருமுறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் மைக்கேல் ஜெயகுமார் 2008-இல் கெஅடிலான் கட்சிச் சின்னத்தில் நின்று, 1974 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலுவை 1,821 வாக்கில் தோற்கடித்தார். 2011-இல் அவரையும் தோழர்கள் ஐவரையும் 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தில் நான்கு வாரம் தடுத்துவைத்தார்கள். 2018-இல் தன் கட்சிச் சின்னத்தில் நின்றபோது வைப்புத்தொகையே போயிற்று. மக்கள் நன்றி கெட்டவர்கள் என்று சிலர் பேசினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆட்சியை மாற்றியாக வேண்டும் என்ற அந்த ஆண்டின் அலையில் மக்கள் கணக்குப் போட்டு வாக்களித்தார்கள். ஜெயகுமார் தன் வேலையை நிறுத்தவில்லை. 2023 அக்டோபரில், சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் நடுவே கந்தானில், தொழில்நுட்பப் பூங்காவுக்காகக் காய்கறி விவசாயிகளின் தோட்டங்களை அழிக்க இயந்திரங்கள் வந்தபோது அவர்களோடு நின்று கைதானார். பல பத்தாண்டுகளாக ஊருக்குக் காய்கறி கொடுத்த நிலம் அது. அதன் விவசாயிகள் பெரும்பாலும் சீனர்கள். காரணம் பழைய காரணம்தான்: கையில் பத்திரம் இல்லை.

பழைய கணக்கைக் கிளறுவது நடைமுறைக்கு ஒத்துவராது, நூறு வருஷத்துக்கு முந்தையதற்கு இன்று யார் பணம் கட்டுவது என்று கம்பெனிகள் கேட்கும். பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டில் டாப் குளோவ் கம்பெனியின் ரப்பர் கையுறைகளைத் துறைமுகத்தில் நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் சைம் டார்பி பிளான்டேஷனின் செம்பனை எண்ணெய்க்கும் தடை விழுந்தது. வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வேலைக்காக ஏஜெண்டுகளிடம் கட்டிய பணத்தைக் கம்பெனிகள் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. டாப் குளோவ் 13 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தது. சைம் டார்பி 8 கோடி வெள்ளிக்கு மேல் ஒதுக்கியது. வேலையை விட்டு நாடு திரும்பியவர்களுக்கும் அதில் பங்கு இருந்தது. சந்தை மூடும் என்றதும் பழைய கணக்கைத் திறக்க முடிந்தது, பழைய ஆட்களைத் தேட முடிந்தது, பணமும் இருந்தது.

அந்தத் தொழிலாளர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு நிறைவு. கங்காணிக்குக் கடன்பட்டு வந்த நம் முன்னோருக்குக் கிடைக்காத நியாயத்தில் ஒரு பகுதி அவர்களுக்குக் கிடைத்தது. இதே வழியில் இன்னொரு படி போகலாம். செம்பனைக்கும் ரப்பருக்கும் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் மரத்தின் வயதைக் கேட்கும் படிவத்திலேயே, இந்தத் தோட்டத்தில் இருபது முப்பது வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இங்கே வீடோ மனையோ கிடைத்தது என்று கேட்கட்டும். மேலே மலையில் யாருடைய வழக்காற்று நிலம் என்பதையும் கேட்கட்டும். நம் அரசாங்கம் 2020 முதல் கட்டாயமாக்கியிருக்கும் எம்.எஸ்.பி.ஓ எனப்படும் மலேசியச் செம்பனைச் சான்றிதழிலேயே இதைச் சேர்க்கலாம். ஐரோப்பாவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. வீடு தராத கம்பெனிக்கு ஒரு தவணை, அதற்குள் தராவிட்டால் சான்றிதழ் ரத்து.

யார் யார் என்று கண்டுபிடிக்க முடியாது என்று சொல்ல வேண்டாம். பெரட்டுக்கு வந்தவர் பெயரைத் தோட்டக் கணக்கரான கிராணி தினமும் செக்ரோல் பதிவேட்டில் எழுதினார். 1951-இல் ஊழியர் சேமநிதி தொடங்கியபின் யார் எந்தத் தோட்டத்தில் எத்தனை வருஷம் வேலை செய்தார், முதலாளி எவ்வளவு கட்டினார் என்பது வாரியத்தின் பதிவிலும் இருக்கிறது. கோரிக்கை மனுவை முதலில் அனுப்ப வேண்டிய முகவரி அதுதான்.